பாலிலும் மருந்திலும் ஒட்டுக்கட்டுதல்



பொந்தியான் பக்கத்துத் தோட்டங்களில் இன்று செம்பனையும் அன்னாசியும்தான் அதிகம். ஆனாலும் ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதைப் பார்த்த கண்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கையாலேயே செய்து காட்டுவார்கள். விதையிலிருந்து முளைத்த கன்றின் பட்டையில் உளியால் சிறு சன்னல் போல் கீறுவார்கள். நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டோடு கூடிய பட்டைத் துண்டை அதற்குள் வைப்பார்கள். மேலே பிளாஸ்டிக் நாடாவை இறுகச் சுற்றிவிடுவார்கள். சுமார் 21 நாள் கழித்து நாடாவை அவிழ்த்து, நகத்தால் இலேசாகச் சுரண்டுவார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் போயிற்று.

இன்றைய பேச்சும் ஒட்டுக்கட்டுவதைப் பற்றியதுதான். ஆனால் கட்டப்போவது மரத்தில் அன்று, மரத்தின் பாலுக்குள்ளேயும் ஊசி மருந்துக்குள்ளேயும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு ஒன்றோடு, மனிதன் தொழிற்சாலையில் செய்த நீண்ட சங்கிலி ஒன்றை ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டு விரைவாகப் பிடிக்க வேண்டும் என்று உலகமெங்கும் இரசாயன அறிஞர்கள் ஏன் இத்தனை பாடுபடுகிறார்கள், அதில் நமக்கு என்ன இலாபம் என்பதையே சொல்லப்போகிறேன்.

முதலில் சங்கிலி. ரப்பர்ப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர் தனித்தனிச் சிறு உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. ஒவ்வொன்றுக்குள்ளும் நீண்ட சங்கிலிகள் சுருண்டு கிடக்கின்றன. ஒரு சங்கிலியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கும். எல்லாக் கண்ணிகளும் ஒரே மாதிரி. இப்படி ஒரே மாதிரிக் கண்ணிகள் கோத்து வரும் சங்கிலியைத்தான் பாலிமர் என்கிறோம். ரப்பர், மரம் செய்யும் பாலிமர். ஒட்டுக்கட்டிய இடத்தில் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இருக்கிறதே, அது மனிதன் செய்யும் பாலிமர், பாலித்தீன்.

மரம் செய்த சங்கிலியோடு மனிதன் செய்த சங்கிலியை ஒட்ட முடியுமா? முடியும் என்பதை 1950களிலேயே ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். நம் நாட்டு ரப்பர் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி அது. சுங்கை பூலோவில் நிலையம் வைத்திருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும், இங்கிலாந்தில் ரப்பர் உற்பத்தியாளர்கள் நடத்திய ஆராய்ச்சிக் கூடமும் இந்தத் துறையில் உழைத்தன. 1998 முதல் ஆராய்ச்சிக் கழகத்தின் வேலைகள் லெம்பாகா கெத்தா மலேசியாவின் கீழ் வந்துவிட்டன.

அவர்கள் செய்த ரப்பருக்கு ஹேவியாபிளஸ் எம்.ஜி. என்று பெயர். ஹேவியா என்பது நம் பால் மரத்தின் தாவரப் பெயர். அமோனியா இட்ட பாலை எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடி போன்ற பெர்ஸ்பெக்ஸ் தகடு எதனால் செய்யப்படுகிறதோ, அந்த மீத்தைல் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தைப் பாலில் கலப்பார்கள். வினையைத் தூண்ட இரண்டு சரக்குகளைச் சிறிதளவு சேர்ப்பார்கள். அந்தத் தூண்டல், ரப்பர்ச் சங்கிலியில் ஆங்காங்கே ஒரு கொக்கியைத் திறந்துவிடும். அந்தக் கொக்கியில் மெத்தாக்ரிலேட் ஒவ்வொன்றாக வந்து மாட்டிக்கொண்டு கிளையாக வளரும். பிறகு வழக்கம்போல் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, கழுவி, காயவைப்பார்கள். எம்.ஜி. 30 என்றால் நூற்றுக்கு 30 பங்கு கிளை, எம்.ஜி. 49 என்றால் நூற்றுக்கு 49 பங்கு.

இதனால் என்ன வந்தது? வெறும் ரப்பர் பசை, பி.வி.சி. பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது. கிளை ஒட்டிய ரப்பரோ ஒரு கையால் ரப்பரையும் மறு கையால் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே காலணித் தொழிலில் பசைக்கு அது நல்ல சரக்காயிற்று. நம் மங்கில் சொட்டிய பால், தோலுக்கும் பிளாஸ்டிக் அடிப்பாகத்துக்கும் நடுவே உட்கார்ந்து, கடைத் தட்டில் இருக்கும் சப்பாத்தாக நம்மிடமே திரும்பி வரக்கூடும். பாலாக விற்றதற்கும் சப்பாத்தாக வாங்கியதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை வீட்டுக்காரம்மாக்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒட்டுவதில் இரண்டு வழி உண்டு. வேறிடத்தில் வளர்ந்த கிளையைக் கொண்டுவந்து கட்டுவது ஒரு வழி. பட்டையிலேயே மொட்டு வைத்து அங்கேயே கிளையை வளர்ப்பது இன்னொரு வழி. ஹேவியாபிளஸ் இரண்டாவது வகை. மருந்து உலகம் தொடங்கியது முதல் வகையில்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

சில மருந்துகள் புரதங்கள். இன்சுலின் புரதம், இரத்த அணுக்களைப் பெருக்கும் மருந்து புரதம், சிறு பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அஸ்பராஜினேஸ் என்பதும் புரதம். விழுங்கினால் வயிறு இவற்றைக் கறியைப்போலச் செரித்துவிடும், ஆகவே ஊசி. இரத்தத்தில் சேர்ந்த பிறகும் இவற்றுக்கு ஆயுள் குறைவு. சிறியதாக இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். பெரியதாக இருந்தால், இது யாரோ அந்நியன் என்று உடலின் காவல் படை கண்டுபிடித்துத் தாக்கும். ஆகவே மறுபடியும் ஊசி, மறுபடியும் ஊசி.

பொந்தியானிலிருந்து ஜொகூர் பாரு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நோயாளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் அங்கே போய்வர வேண்டுமானால் அன்றைய சம்பளம் போயிற்று, பஸ் செலவு வேறு, வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆளில்லை. வாரம் ஒரு தடவை என்பதற்கும் வாரம் மூன்று தடவை என்பதற்கும் நகரத்து வீட்டில் உள்ள வித்தியாசம் வேறு, தோட்டத்து வீட்டில் உள்ள வித்தியாசம் வேறு.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பிராங்க் டேவிஸ் என்ற பேராசிரியர் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். புரதத்தின்மேல் ஏதாவது ஒரு போர்வையைப் போர்த்திவிட்டால் காவல் படைக்கு அடையாளம் தெரியாதே என்பது அவருடைய எண்ணம். அவர் தேர்ந்தெடுத்த போர்வை பாலிஎத்திலீன் கிளைக்கால். சுருக்கமாகப் பெக் என்று சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம். பாலித்தீன் நாடாவுக்கும் பெக்குக்கும் உறவு உண்டு. பாலித்தீனில் வெறும் கரி அணுக்களே வரிசையாக நிற்கும், அதனால் தண்ணீர் ஒட்டாது. பெக்கில் இரண்டு கரி அணுவுக்கு ஒரு பிராணவாயு அணு இடையில் நிற்கும். இந்தச் சின்ன மாற்றத்தால் அது தண்ணீரில் கரைகிறது. கரைவதோடு நிற்காமல், ஒவ்வொரு கண்ணியும் இரண்டு மூன்று தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே பெக் சங்கிலி போர்த்திய புரதம், தண்ணீர் மெத்தைக்குள் படுத்திருப்பது போல. அதன் சுற்றளவு பெருத்துவிடுவதால் சிறுநீரகத்தின் சல்லடைக்குள் நுழையாது. மெத்தைக்குள் இருப்பதால் காவல் படையின் கைக்கும் எளிதில் எட்டாது.

டேவிஸும் அவரிடம் படித்த அபுச்சோவ்ஸ்கியும் மற்றவர்களும் மாட்டிலிருந்து எடுத்த புரதங்களில் இதைச் செய்து 1977இல் வெளியிட்டார்கள். மருந்தாக வருவதற்கு மேலும் 13 வருஷம் பிடித்தது. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கான மருந்து ஒன்று 1990இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது. அதுவும் மாட்டு நொதிக்குப் பெக் ஒட்டியதுதான்.

அஸ்பராஜினேஸ் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், கெட்ட அணுக்களுக்கு அஸ்பரஜின் என்ற உணவுப் பொருளைத் தாமே செய்துகொள்ளத் தெரியாது. இரத்தத்தில் வருவதை எடுத்துத்தான் பிழைக்க வேண்டும். நல்ல அணுக்கள் பெரும்பாலும் தாமே செய்துகொள்ளும். அஸ்பராஜினேஸ் நொதி, இரத்தத்திலுள்ள அஸ்பரஜினை அழித்துவிடுகிறது. கெட்ட அணு பட்டினியால் சாகிறது. கினி எலியின் இரத்த நீரில் இப்படி ஒரு சக்தி இருப்பதை 1953இல் ஜான் கிட் என்பவர் கண்டார். பின்னால் நுண்ணுயிரிலிருந்து இந்த நொதியை எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் நுண்ணுயிரின் நொதி நம் உடலுக்கு அந்நியம் அல்லவா? இரத்தத்தில் சுமார் ஒன்றேகால் நாளில் பாதி குறைந்துவிடும். பெக் ஒட்டியபின் பாதி குறைய ஐந்தரை நாளுக்கு மேல் ஆகிறது. 118 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிகிச்சையின் முதல் கட்டத்தில் ஒரு பகுதியினருக்குப் பழைய நொதி 9 ஊசிகளாகவும், மற்றவர்களுக்குப் பெக் ஒட்டிய நொதி ஒரே ஊசியாகவும் கொடுக்கப்பட்டது. ஒரே ஊசி பெற்ற பிள்ளைகளின் குணம் எந்த விதத்திலும் குறையவில்லை. ஒன்பதுக்கு ஒன்று! அதில் எத்தனை அழுகை மிச்சம் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புற்றுநோய் மருந்து கொடுத்தபின் வெள்ளணு குறைந்துபோனால் போடும் பில்கிராஸ்டிம் என்ற ஊசியும் இப்படித்தான். அது நாள்தோறும் போடவேண்டியது, இரத்தத்தில் மூன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். 2002இல் பெக் ஒட்டிய வகை வந்தது. மருந்து கொடுக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஊசி போதும். இதில் ஒட்டியிருக்கும் பெக் சங்கிலியில் சுமார் 450 கண்ணிகள். புரதத்தைவிட வாலின் எடை சற்று அதிகம்.

சரி, இவ்வளவு நல்ல வித்தையில் விரைவு எங்கே தடைப்பட்டது?

காலையில் வெட்டிய பாலை நீங்கள் எவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருப்பீர்கள்? அமோனியா இடாமல் வெயில் ஏறும்வரை விட்டால் வாளியிலேயே திரிந்து கட்டியாகிவிடும். புரதமும் அப்படிப்பட்ட சரக்குதான். நேரம் ஆக ஆகக் கெடும். சூடு காட்டினால் முட்டை வெள்ளைக்கரு போல வெந்துவிடும். ஸ்பிரிட் போன்ற கரைப்பான்களும் அதற்கு ஆகாது. சாதாரணமாக ஓர் இரசாயன வினை மெதுவாக நடந்தால், அறிஞர்கள் அடுப்பைக் கூட்டுவார்கள் அல்லது சரக்கைக் கெட்டியாக்குவார்கள். புரதத்தோடு அந்த இரண்டும் செல்லாது. உடம்புச் சூட்டிலோ அதற்குக் கீழோ, தண்ணீரிலேயே, அதுவும் மிக நீர்த்த நிலையில் வேலை நடக்க வேண்டும்.

நீர்த்த நிலை என்பதன் கொடுமையை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். தைப்பூசத் திடலில் ஆயிரம் ஆண்களும் ஆயிரம் பெண்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்று வையுங்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மோதிக்கொண்டால் ஒரு ஜோடி. இப்போது இரு பக்கமும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, நூறு பேர் நூறு பேர் என்று விடுங்கள். மோதல் பத்தில் ஒன்றாகக் குறையும் என்று நினைப்பீர்கள். இல்லை, நூற்றில் ஒன்றாகக் குறைந்துவிடும், ஏனென்றால் இரு தரப்பும் குறைந்திருக்கிறது. புரதமும் பெரியது, ஒட்டும் சங்கிலியும் பெரியது. இரண்டும் மெதுவாக நகர்பவை. சங்கிலியின் நுனியோ தன் சுருளுக்குள்ளேயே மறைந்து கிடக்கும். போதாததற்கு, சந்தித்தால் மட்டும் போதாது, சரியான இடத்தில் கை கோக்க வேண்டும்.

ஆரம்ப காலத்து முறைகளில் இன்னொரு குறையும் இருந்தது. புரதத்தில் லைசீன் என்ற துண்டு பல இடங்களில் இருக்கும். பெக் அவற்றில் எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு மூலக்கூறில் மூன்று வால், இன்னொன்றில் ஏழு வால். நொதியின் வாய்ப்புறத்திலேயே ஒரு வால் ஒட்டிக்கொண்டால் அந்த நொதி வாயடைத்துப் போகும். மரத்தில் பால் வெட்டும் கோட்டின்மேலேயே கிளை வளர்ந்த மாதிரி! ஆகவே இடமும் தப்பக்கூடாது, நேரமும் நீளக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் ஏற்பட்டன.

இதற்கு விடை சொன்னது கிளிக் இரசாயனம். கைப்பையின் பித்தான் கிளிக் என்று பூட்டிக்கொள்கிறது பாருங்கள், அந்தச் சத்தம்தான் பெயராயிற்று. அமெரிக்காவில் பேரி ஷார்ப்லெஸ் இந்தப் பெயரைப் பரப்பினார். புரதங்களில் இயற்கையாக இல்லாத இரண்டு சிறு கொக்கிகளை எடுத்துக்கொள். ஒன்றைப் புரதத்தில் வை, மற்றதைச் சங்கிலியின் நுனியில் வை. வேறு எதோடும் அவை சேரமாட்டா, ஒன்றையொன்று கண்டால் மட்டும் பூட்டிக்கொள்ளும். அந்தக் கொக்கிகளுக்கு அசைடு, அல்கைன் என்று பெயர். தனியே விட்டால் இவை சேர நெடுநேரம் சூடு காட்ட வேண்டும். ஆனால் கொஞ்சம் செம்பு உப்பைச் சேர்த்தால் வினை சுமார் ஒரு கோடி மடங்கு விரைவாகிறது என்பதைக் கோப்பன்ஹேகனில் மோர்டன் மெல்டாலும், கலிபோர்னியாவில் ஷார்ப்லெஸ் குழுவினரும் தனித்தனியே கண்டு 2002இல் வெளியிட்டார்கள். நம் வீட்டுச் செம்புக் குடத்துச் செம்புதான், நேயர்களே.

செம்பு உயிருள்ள அணுக்களுக்கு நஞ்சு. ஆகவே கரோலின் பெர்டோசி என்ற அம்மையார் செம்பே இல்லாமல் ஒரு வழி தேடினார். அல்கைன் கொக்கியை வலுக்கட்டாயமாக வளைத்து, எட்டு அணுக்கள் கொண்ட ஒரு வளையத்துக்குள் அடைத்தார். வளைத்துக் கட்டிய மூங்கில் விடுபடத் துடிப்பது போல் அந்தக் கொக்கியும் துடிக்கும், அசைடைக் கண்டதும் பூட்டிக்கொள்ளும். 2004இல் இதை உயிருள்ள அணுக்களின்மேலேயே செய்து காட்டினார். ஷார்ப்லெஸ், மெல்டால், பெர்டோசி மூவருக்கும் 2022இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஷார்ப்லெஸுக்கு அது இரண்டாவது நோபல் பரிசு, முதலாவது 2001இல்.

ஆனால் பெர்டோசியின் முதல் வளையம் நிதானமானது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பில்கிராஸ்டிம் போன்ற புரதத்தில் லிட்டருக்கு சுமார் 0.2 கிராம் கரைத்து, அதே எண்ணிக்கையில் சங்கிலிகளையும் விட்டால், 2004ஆம் ஆண்டு வளையத்தின் வேகத்தில் பாதிப் புரதம் ஒட்டுப்பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் புரதம் எப்போதோ கெட்டுப்போயிருக்கும். பின்னால் அவரும் மற்றவர்களும் செய்த வளையங்கள் நூறு மடங்கு வரையிலும் அதற்கு மேலும் வேகம் கூடியவை. அவற்றுக்கும் நாள் கணக்கு. நடைமுறையில் ஒரு பக்கத்துச் சரக்கை மிக அதிகமாகக் கொட்டி நேரத்தைச் சுருக்குவார்கள். ஆனால் மிஞ்சிய சரக்கைப் பிரித்து எடுப்பது தனி வேலை, தனிச் செலவு.

2008இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்து ஜோசப் பாக்ஸ் குழுவினர் வேறொரு ஜோடியைக் கொண்டுவந்தார்கள். டெட்ரசீன் என்ற, நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ள வளையம் ஒன்று. முறுக்கி வைத்த வளையம் இன்னொன்று. மேலே சொன்ன அதே கணக்கில் இந்த ஜோடிக்கு வேண்டிய நேரம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு! ஒரு வருஷம் எங்கே, ஒரு நிமிஷம் எங்கே. பின்னர் வந்த இதே இனத்து ஜோடிகள் இன்னும் பல நூறு மடங்கு விரைவானவை. வேகம் என்றால் வெறும் அவசரம் என்று எண்ணிவிடாதீர்கள். விரைவாகப் பூட்டும் கொக்கிக்குச் சரக்கைக் கூடுதலாகக் கொட்ட வேண்டாம், சூடு வேண்டாம், வீணாவது குறையும். விலை உயர்ந்த புரதத்தில் துளிகூடச் சிந்தாமல் வேலை முடியும். இதுதான் இதன் பெருமை.

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ந்த கிளையைக் கட்டும் வழி. ஹேவியாபிளஸ் போல அங்கேயே கிளை வளர்க்கும் வழியும் இப்போது மருந்துப் புரதங்களுக்கு வந்துவிட்டது. புரதத்தின் மேல் ஒரு மொட்டு வைப்பார்கள். சிறிய கண்ணிகளைத் தண்ணீரில் விட்டால் அவை ஒவ்வொன்றாக மொட்டில் கோத்துக்கொண்டு வளரும். சிறிய கண்ணிகள் சுறுசுறுப்பானவை, எங்கும் நுழையும். இரண்டு பெரிய உருவங்கள் சந்திக்கக் காத்திருக்கும் தொல்லை இல்லை. இந்த வளர்ச்சியை அளவோடு நடத்தும் முறையை அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டோப் மாட்டியாஷெவ்ஸ்கி 1995இல் வெளியிட்டார். ஜப்பானில் சவாமோட்டோவும் அதே ஆண்டில் இதே போன்ற முறையைக் கண்டார்.

இந்த முறைக்கு எதிரி காற்றிலுள்ள பிராணவாயு. வளரும் நுனியில் அது பட்டால் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே நைட்ரஜன் வாயுவைக் குமிழ் குமிழாக விட்டு நெடுநேரம் பிராணவாயுவை விரட்டுவார்கள். குமிழ் விட்டால் புரதம் நுரைக்கும், நுரைத்தால் கெடும். இதற்குச் செய்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் குளுக்கோஸ் சர்க்கரையும், அதைத் தின்னும் ஒரு நொதியையும் கரைசலிலேயே போட்டுவிடுவார்கள். சர்க்கரையைத் தின்னும்போது நொதிக்குப் பிராணவாயு வேண்டும், ஆகவே கரைந்திருக்கும் பிராணவாயுவை அதுவே உறிஞ்சிவிடும். பாத்திரத்தின் வாயைத் திறந்துவைத்தே வேலை செய்யலாம். 2018இல் மாட்டியாஷெவ்ஸ்கி குழுவினர் இதை வெளியிட்டார்கள். வாயு உருளையும் மூடிய கண்ணாடிக் கருவியும் இல்லாத சாதாரண ஆய்வுக்கூடத்திலும் செய்யலாம் என்பதால், நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் இது பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

பொந்தியான்காரர்களுக்கு அன்னாசியைச் சொல்லாமல் விட்டால் கோபம் வரும். பெக்கான் நானாஸ் என்ற ஊரின் பெயரே அன்னாசிப் பட்டணம். பச்சை அன்னாசியை அதிகம் தின்றால் நாக்கு எரிகிறதே, அதற்கு ஒரு காரணம் புரோமிலைன் என்ற நொதி. அது புரதத்தைச் செரிக்கும் புரதம், உங்கள் நாக்கையே கொஞ்சம் செரிக்கப் பார்க்கிறது. டின்னில் அடைத்த அன்னாசி எரியாது, வேகவைத்ததும் நொதி செத்துப்போயிற்று. அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த இந்த நொதிகளைத் தீக்காயத்தில் வெந்த தோலை மட்டும் கரைத்து எடுக்கும் மருந்தாக ஐரோப்பாவில் 2012இலும் அமெரிக்காவில் 2022இலும் அனுமதித்தார்கள். புரோமிலைனுக்கும் பெக் சங்கிலி ஒட்டி, சூட்டைத் தாங்குமா, நாள்பட உழைக்குமா என்று ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள். பழம் பறித்தபின் வயலில் மக்க விடும் தண்டில் இவ்வளவு சரக்கு இருக்கிறது.

எல்லாம் நன்மையே என்று சொல்லிவிட்டுப் போனால் நான் நியாயமானவன் அல்லன். பெக்கையே அந்நியன் என்று அடையாளம் கண்டு எதிர்க்கும் உடல்களும் உண்டு. கடுமையான மூட்டுவாதத்துக்கு 2010இல் வந்த ஒரு பெக் மருந்து, சோதனையில் பாதிக்கும் அதிகமானோருக்கு நின்று பலன் தரவில்லை, அதற்கு முக்கிய காரணம் இந்த எதிர்ப்புத்தான். சோகைக்கான இன்னொரு பெக் மருந்தை, சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வந்ததால், 2013இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 24ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கிய கோவிட் தடுப்பூசியில் முதலில் வந்த பைசர் ஊசியிலும் சிறிதளவு பெக் உண்டு. கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்டார்கள், கடும் ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் ஒருவருக்குப் பெக் சேராது என்று தெரிந்திருந்தால், அதை ஒவ்வொரு தடவையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஆகவே பெக்குக்குப் பதிலாக வேறு சங்கிலிகளைத் தேடுகிறார்கள். அங்கேயே கிளை வளர்க்கும் முறை அந்தத் தேடலுக்கு நல்ல துணை, ஏனென்றால் எந்தக் கண்ணியை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிப் போட்டு விரைவாகச் சோதிக்கலாம்.

ஒட்டிய மருந்தே என்றும் கடைசி வார்த்தை என்பதும் இல்லை. கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்பட்டைட்டிஸ் சி நோய்க்கு ஒரு காலத்தில் இன்டர்பெரான் ஊசி வாரம் மூன்று. 48 வாரச் சிகிச்சை என்றால் 144 ஊசி. 2001, 2002இல் பெக் ஒட்டியது வந்ததும் வாரம் ஒன்று, மொத்தம் 48. பிறகு வாயில் போடும் மாத்திரைகளே வந்துவிட்டன. அவற்றின் விலை எட்டாக்கனியாக இருந்தபோது, 2017இல் நம் அரசாங்கம் தன் உரிமையைப் பயன்படுத்தி மலிவான வகையை வாங்க வழிசெய்தது. இன்று அந்த நோய்க்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரைதான் முதல் சிகிச்சை. ஊசி ஒட்டிப் பழைய கதை கேட்டுப் பயந்து, சோதனைக்கே போகாமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். மருந்துப் பெட்டியின் மேல் பெயரைப் படிக்கும்போது முதலில் பெக் என்று இருக்கிறதா பாருங்கள். பில்கிராஸ்டிம் வேறு, பெக்பில்கிராஸ்டிம் வேறு. அஸ்பராஜினேஸ் வேறு, பெக்அஸ்பார்கேஸ் வேறு. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் ஒன்று நாள்தோறும் அல்லது வாரத்தில் பலமுறை, மற்றது நீண்ட இடைவெளிக்கு ஒருமுறை. அளவும் வேறு. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடும்போது, எந்தத் தேதியில் எந்த ஊசி போட்டார்கள் என்பதைப் பெயரோடும் நாளோடும் ஒரு நோட்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறவர்களாயிருந்தால் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஊசி என்றைக்கு என்று மருத்துவரிடமோ தாதியிடமோ கேட்டு, அதையும் அதே நோட்டில் குறித்துவிடுங்கள்.